தண்ணீர் எங்கே ஒளிந்திருக்கிறது? மைதான இயந்திரங்களின் குளிர்காலம்

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் அக்டோபர் கடைசியோடு புல் மைதானங்களில் ஆட்டம் நின்றுவிடும். மறுபடி புல் வளரத் தொடங்க ஏப்ரல் ஆகும். நடுவில் உள்ள ஐந்தாறு மாதம் புல்வெட்டி, உரம் தூவும் வண்டி, ஸ்பிரேயர், உருளை, தண்ணீர்க் குழாய் எல்லாம் சும்மா கிடக்கும். மினியாபொலிஸில் ஜனவரி மாத இரவுகளின் சராசரி வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 13 டிகிரி அளவில் இருக்கும். சில இரவுகள் அதையும் தாண்டிப் போகும்.

நான் இங்கே ஒரு சின்ன கிரிக்கெட் கிளப்பின் ஷெட்டைப் பார்த்துக்கொள்ளும் இரண்டு மூன்று பேரில் ஒருவன். தொழில் மென்பொருள், இது வார இறுதி வேலை. இயந்திரங்களை மூடி வைப்பதற்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒரு பட்டியல் தருகிறது. அதில் 'செய்' என்று இருக்கும், 'ஏன்' என்று இருக்காது. எனக்கு ஏன் என்று தெரியாமல் எதுவும் மனதில் நிற்காது. அதனால் நாலைந்து கையேடுகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குறிப்பெடுத்தேன். கடைசியில் எனக்குக் கிடைத்தது ஒரே விஷயம்தான்: இயந்திரத்தைக் கெடுப்பது பெரும்பாலும் குளிர் இல்லை, அதற்குள் இருக்கும் தண்ணீர். பட்டியலின் முக்கால்வாசி வரிகள் 'இங்கே தண்ணீர் எங்கே ஒளிந்திருக்கிறது?' என்ற ஒரே கேள்விக்கான பதில்கள்.

குழாய்கள்

தண்ணீர் உறையும்போது கன அளவு சுமார் 9 சதவீதம் கூடும். ஃப்ரீசரில் மறந்துபோய் வைத்த கண்ணாடி பாட்டில் உடைவதைப் பார்த்திருப்பீர்கள். குழாயில் நடப்பது இன்னும் கொஞ்சம் நுட்பமானது. முதலில் ஓரிடத்தில் பனிக்கட்டி அடைப்பாக நிற்கும். அது வளர வளர, அடைப்புக்கும் மூடிய வால்வுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட தண்ணீர் நசுங்கும். அங்கே அழுத்தம் ஏறி ஏதோ ஒரு பலவீனமான இணைப்பு விட்டுவிடும். அதனால்தான் உறைந்த இடம் ஒன்றாகவும் விரிசல் வேறோர் இடமாகவும் இருக்கும்.

குழாயை ஆழமாகப் புதைத்தால் என்ன? மின்னசோட்டாவின் தென்பகுதியில் கட்டட விதிப்படி அஸ்திவாரம் 42 அங்குல ஆழம் போக வேண்டும், வடக்கில் 60 அங்குலம். மண் அவ்வளவு தூரம் உறையக்கூடும் என்று பொருள். ஸ்பிரிங்க்ளர் குழாய்கள் ஓரடி ஆழத்தில்தான் கிடக்கும். எனவே ஒரே வழி, காற்றை ஊதித் தண்ணீரை வெளியேற்றுவது.

இங்கே பலரும் நினைப்பது 'அழுத்தம் அதிகமானால் நல்லது' என்று. உண்மை தலைகீழ். வேண்டியது காற்றின் அளவு, அழுத்தம் இல்லை. வீட்டு கராஜில் இருக்கும் சின்ன கம்ப்ரஸரின் காற்று, குழாயின் மேல்பாதியில் தண்ணீருக்கு மேலேயே ஓடிப் போய்விடும். கீழே தேங்கியது தாழ்வான இடங்களில் அப்படியே நிற்கும். வாடகைக்குக் கிடைக்கும் பெரிய கம்ப்ரஸரை வைத்து, பிவிசி குழாய்க்கு 80 பி.எஸ்.ஐ., நெகிழ்வான பாலி குழாய்க்கு 50 பி.எஸ்.ஐ. தாண்டாமல் ஊத வேண்டும். இன்னும் சில குறிப்புகள்:

- முதலில் ஒரு பகுதியின் வால்வைத் திறந்துவிட்டு, பிறகுதான் காற்றைத் திறக்க வேண்டும்.
- மைதானக் குழாயிலிருந்து தண்ணீர் குடிநீர்க் குழாய்க்குத் திரும்பாமல் தடுக்கும் கருவி ஒன்று இருக்கும். காற்றை அதற்கு அந்தப் பக்கம், மைதானத்தின் பக்கம்தான் கொடுக்க வேண்டும். அதன் வழியாக ஊதக் கூடாது.
- ஸ்பிரிங்க்ளர் தலையில் வெறும் புகை மாதிரி வர ஆரம்பித்ததும் நிறுத்திவிட வேண்டும். அதன் பல்சக்கரங்களுக்குத் தண்ணீர்தான் மசகு. உலர்ந்த காற்றில் சுழன்றால் தேய்ந்துவிடும். நீளமாக ஒரு தடவை ஊதுவதைவிடக் குறுகலாக இரண்டு தடவை ஊதுவது மேல்.
- வேலை முடிந்ததும் பந்து வால்வுகளைப் பாதி திறந்த நிலையில், 45 டிகிரி கோணத்தில் விட வேண்டும். முழுதாக மூடினால் பந்தின் துளைக்குள் ஒரு மடக்குத் தண்ணீர் மாட்டிக்கொள்ளும். வால்வை உடைக்க அதுவே போதும்.

காற்று போகும்போது தலைகளுக்கு மேல் குனிந்து பார்க்காதீர்கள். கண்ணாடி கட்டாயம். இந்த வேலையில் ஆளுக்கு அடிபடுவது இந்த இடத்தில்தான்.

பெட்ரோல்

பெட்ரோலில் தண்ணீர் எங்கிருந்து வந்தது? இங்கே பம்பில் கிடைப்பது பெரும்பாலும் 10 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். 15 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் கலவை சுமார் 5 மில்லி தண்ணீரைக் கரைத்து வைத்துக்கொள்ளும். குளிரக் குளிர அந்தத் தாங்கும் திறன் குறையும். ஒரு கட்டத்தில் தண்ணீரும் எத்தனாலும் கைகோத்துப் பிரிந்து, டேங்கின் அடியில் தனி அடுக்காகப் படிந்துவிடும். எஞ்சின் எரிபொருளை உறிஞ்சுவது அடியிலிருந்துதானே? வசந்தத்தில் முதல் இழுப்பில் கார்புரேட்டருக்குப் போவது அந்தக் கலவைதான். போதாததற்கு, பெட்ரோலின் லேசான பகுதிகள் ஆவியாகிப் போய், மிச்சம் பிசினாகி கார்புரேட்டரின் ஊசித் துளைகளை அடைக்கும். இது ஊரில் சும்மா நிற்கும் ஜெனரேட்டருக்கும் பொருந்தும். அங்கேயும் இப்போது எத்தனால் கலந்த பெட்ரோல்தான்.

வழி இரண்டு. ஒன்று, டேங்கைக் காலி செய்து, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுவது. இரண்டு, புதுப் பெட்ரோலை ஸ்டெபிலைசர் கலந்து டேங்க் நிறைய ஊற்றி, பத்து நிமிஷம் ஓட்டுவது. நிறைய இருந்தால் ஈரக்காற்றுக்கு இடமில்லை. பத்து நிமிஷம் எதற்கு என்றால், மருந்து டேங்கில் இருந்தால் போதாது, கார்புரேட்டர் வரை போக வேண்டும். உங்கள் இயந்திரத்துக்கு எது என்பதைக் கையேடு சொல்லும். பாதி டேங்க் மட்டும் வேண்டாம். டேங்க் நிறைய வைப்பதென்றால், ஹீட்டர், கேஸ் அடுப்பு மாதிரி சுடர் எரியும் எதுவும் அந்த அறையில் இருக்கக் கூடாது.

ஆயில், கூலண்ட், பேட்டரி

எஞ்சின் எரியும்போது நீராவி உண்டாகும். அதில் கொஞ்சம், அமிலத்தோடு சேர்ந்து, ஆயிலுக்குள் இறங்கும். பழைய ஆயிலோடு நிறுத்தினால் பேரிங்குகள் ஐந்து மாதம் அந்தக் கலவையில் ஊறும். ஆயில் மாற்றுவது வசந்த வேலை இல்லை, இலையுதிர்கால வேலை. எஞ்சின் சூடாக இருக்கும்போதே மாற்றிவிட வேண்டும்.

கூலண்டில் ஒரு வேடிக்கை. தண்ணீர் பூஜ்யத்தில் உறையும். சுத்தமான எத்திலீன் கிளைக்கால் சுமார் −13 டிகிரியில் உறையும். இரண்டையும் பாதிக்குப் பாதி கலந்தால் −37 வரை தாங்கும்! தனித்தனியாக இரண்டுக்கும் இல்லாத திறமை கலவைக்கு வருகிறது. ஆகவே 'ஜாஸ்தி ஊற்றினால் ஜாஸ்தி பாதுகாப்பு' என்று கிளைக்காலை மட்டும் ஊற்றி நிரப்புவது வீண். வெயில் காலத்தில் வெறும் தண்ணீர் ஊற்றி ஒப்பேற்றிய வண்டிதான் ஆபத்து. எஞ்சின் பிளாக் விரிந்து போனால் வண்டியே போன மாதிரி.

பேட்டரிக்குள்ளும் தண்ணீர்தான், அமிலம் கலந்தது. முழு சார்ஜில் அமிலம் அடர்த்தியாக இருக்கும், −50 டிகிரியிலும் உறையாது. சார்ஜ் இறங்க இறங்க அது நீர்த்துப்போகும். முழுக்கத் தீர்ந்த பேட்டரி −10 டிகிரிக்கு முன்பே உறைந்து, பெட்டி வெடித்துவிடும். கழற்றி, முழுதாகச் சார்ஜ் ஏற்றி வைத்தால் குளிரே அதற்கு நல்லது, குளிரில் தானாக இறங்கும் சார்ஜ் குறைவு. 'கான்கிரீட் தரையில் வைக்காதே' என்பது பழைய பெட்டிகளின் காலத்துப் பேச்சு. இன்றைய பிளாஸ்டிக் பெட்டிக்கு அந்தப் பயம் இல்லை.

மறந்துபோகும் இடங்கள்

ஸ்பிரேயரின் பம்பைக் கழுவி வடித்தாலும் உள்ளே கொஞ்சம் தங்கும். அதற்குப் புரொப்பிலீன் கிளைக்கால் கலந்த திரவத்தை ஓடவிட்டு, நாஸிலில் அதன் நிறம் தெரியும்வரை விட வேண்டும். தண்ணீர் நிரப்பிய உருளையின் மூடியைக் கழற்றி, துளை கீழே பார்க்கிற மாதிரி உருட்டி வைக்க வேண்டும். கோடு போடும் வெள்ளைப் பெயின்ட் தண்ணீர் கலந்தது. ஒருமுறை உறைந்தால் திரிந்த பால் மாதிரி ஆகிவிடும், வீட்டுக்குள் எடுத்துப் போங்கள். உரம் தூவும் வண்டியில் ஒட்டிய உரம் உப்பு. அது ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும்.

புல்வெட்டியின் அடியில் ஒட்டிய புல்லும் அப்படித்தான், ஈரப் பஞ்சு மாதிரி. ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிய பிறகே கையை உள்ளே விட்டுச் சுரண்டுங்கள். சுழலும் உருளைக் கத்தி வைத்த ரீல் மோவர் இருந்தால் இன்னும் கவனம் தேவை. 1830-ல் இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் அதற்குக் காப்புரிமை வாங்கினார். துணி ஆலையில் கம்பளித் துணியின் பிசிறை நறுக்கிய இயந்திரமே அதற்கு முன்மாதிரி. கத்திரிக்கோல் மாதிரி இரண்டு விளிம்புகள் உரசாமல் உரசி வெட்டும். விளிம்பில் துரு ஏறினால் வெட்டாது, பிய்க்கும். சாணை பிடித்து, எண்ணெய் தடவி, இரண்டு கத்திகளையும் கொஞ்சம் விலக்கி வையுங்கள்.

வரிசைதான் முக்கியம்

சர்வரை நிறுத்தும்போது எதை முதலில் நிறுத்துவது என்று ஒரு வரிசை உண்டு. இங்கேயும் அதேதான். கழுவுவது முதலில், ஏனென்றால் கழுவிய ஈரத்தை எஞ்சின் சூட்டில் உலர்த்த வேண்டும். பிறகு ஸ்டெபிலைசர், சூடான ஆயில் மாற்றம், புது ஆயிலோடு ஓர் ஓட்டம், கிரீஸ். பேட்டரி கடைசியில். பேட்டரியை முதலில் கழற்றிவிட்டால் மற்றதெல்லாம் எப்படி ஓட்டுவது?

எங்கள் மாதிரி கிளப்புகளில் ஒரு பம்ப் உடைந்தால் அந்த வருஷச் சந்தா அதிலேயே போய்விடும், சின்னப் பிள்ளைகளின் பயிற்சி மே மாதம் தொடங்காது. ஏப்ரலில் ஷெட்டைத் திறப்பவர் அக்டோபரில் மூடியவராகவே இருப்பார் என்றும் சொல்ல முடியாது. அதனால் எல்லாம் முடிந்ததும் ஒவ்வொரு வண்டியின் ஸ்டீயரிங்கிலும் ஓர் அட்டை கட்டுகிறோம்: 'பெட்ரோல் காலி. ஆயில் புதுசு. பேட்டரி வீட்டில். ரீல் விலக்கியிருக்கிறது, ஓட்டும் முன் சரிசெய்யவும்.' கீழே தேதி. வேலை ஐந்து நிமிஷம்தான்.