பித்தப்பைப் புற்றுநோய்: கல்லோடு வந்த செய்தி

இடைநிலைப்பள்ளியில் அதை 'ஹெம்பெடு' என்றே படித்தேன். பித்தப்பை என்ற சொல் என் வாய்க்குப் பழகியது, சென்ற ஆண்டு அத்தைக்குக் கல் நிறைந்த அப்பையை அறுத்து அகற்றியபோதுதான். வலி போய்விட்டது. "இனி எதற்கடா ஆஸ்பத்திரி?" என்று மறுபரிசோதனைக்குப் போக மறுத்தார். வற்புறுத்தி அழைத்துப் போனேன். அகற்றிய பையை நுண்ணோக்கியில் பார்த்ததில் புற்றுநோய் இருந்தது.

பலருக்கு இந்நோய் இப்படித் தற்செயலாகத்தான் தெரிய வருகிறது. தொடக்கத்தில் இதற்கெனத் தனி அறிகுறி இல்லை. (கல் உள்ளவர்களில் மிகச் சிலருக்கே இது வரும், வீண் பயம் வேண்டாம்.) மஞ்சள் காமாலையும் எடைக் குறைவும் தோன்றும்போது பெரும்பாலும் நோய் முற்றியிருக்கும். அல்ட்ராசவுண்டில் பையின் சுவர் தடித்தோ, 10 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட சதை வளர்ச்சியோ தெரிந்தால் சந்தேகிக்க வேண்டும். பரவலை அறிய சிடி ஸ்கேன் எடுப்பார்கள்.

எவ்வளவு ஆழம் என்பதே அடுத்த கேள்வி. உட்படலத்தோடு நின்றிருந்தால் பையை எடுத்ததே போதும். தசை அடுக்கைத் தொட்டுவிட்டால், பை ஒட்டியிருந்த கல்லீரல் பகுதியையும் அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களையும் அகற்ற மறு அறுவை தேவை. கல்லீரல் பக்கத்தில் பைக்கு வெளியுறை கிடையாது. நோய் அங்கே எளிதாகத் தாவிவிடும். அறுவைக்கு அப்பாற்பட்ட நிலையில் ஜெம்சிட்டபைன், சிஸ்பிளாட்டின் மருந்துகள். 2022 முதல் துர்வாலுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தும் இவற்றோடு சேர்ந்துள்ளது.

அத்தைக்குத் தசை அடுக்கு வரை இருந்தது. இரண்டாம் அறுவையில் எடுத்த கணுக்களில் நோயில்லை. பிறகு ஆறு மாதம் கேப்பசிட்டபைன் மாத்திரை. இப்போது மறுபரிசோதனைத் தேதியை அவரே எனக்கு ஞாபகப்படுத்துகிறார்.