தீவகத்துச் சிநேகபூர்வ ஆட்டம்: கிராமத் துடுப்பாட்டம் பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

யாழ்ப்பாணத்துத் துடுப்பாட்டத்தைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் கல்லூரி ஆட்டங்களையே எடுத்துக்கொள்வர். 1904ஆம் ஆண்டு தொடங்கிய யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி, பரியோவான் கல்லூரி ஆட்டமும், 1917 முதல் யாழ்ப்பாணக் கல்லூரிக்கும் புனித பத்திரிசியார் கல்லூரிக்கும் இடையே நடைபெற்றுவரும் ஆட்டமும் அவர்தம் கவனத்தைப் பெறுவது இயல்பே. அவற்றுக்கு ஓட்டப் பதிவேடுகள் உண்டு. பத்திரிகைச் செய்திகள் உண்டு. ஆண்டுதோறும் நினைவுமலர் வெளியிடும் பழைய மாணவரும் உண்டு. ஆனால் ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் ஒரு தீவிலிருந்து மற்றொரு தீவுக்குப் படகேறிச் சென்று, அறுவடை முடிந்த வயலிலோ கடலோரத் தரவையிலோ ஆடிவிட்டு, இருட்டுமுன் திரும்பிவரும் இளைஞரின் ஆட்டத்துக்கு இத்தகைய பதிவுகள் எவையும் இல்லை. “சிநேகபூர்வ ஆட்டம்” என ஊரார் வழங்கும் இவ்வாட்டம் எந்நிலைமைகளில் நிகழ்கின்றது, அதன் விதிகள் ஏன் அவ்வாறு அமைந்தன, அது எதைக் காட்டுகின்றது என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலிற் கவனிக்கவேண்டியது போக்குவரத்து. பண்ணைத் தாம்போதி யாழ்ப்பாண நகரை வேலணைத் தீவுடனும் மண்டைதீவுடனும் இணைக்கின்றது. வேலணையிலிருந்து இன்னொரு தாம்போதி புங்குடுதீவுக்குச் செல்லும். காரைநகருக்குப் பொன்னாலை வழியே வீதியுண்டு. எஞ்சியுள்ள நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு ஆகியவற்றைக் கடல்வழியன்றி அடைய இயலாது. முன்னைய இரண்டுக்கும் குறிகட்டுவான் துறையிலிருந்தும், பின்னைய இரண்டுக்கும் ஊர்காவற்றுறையிலிருந்தும் படகு புறப்படும். நயினாதீவுக்குச் சிறிது நேரப் பயணமே. நெடுந்தீவுக்கோ ஒரு மணித்தியாலமளவு வேண்டும். எனவே இங்கு ஆட்டத்தின் நீளத்தை நிருணயிப்பது ஆட்டவிதியன்று, கடைசிப் படகு. அணிக்கு எட்டு அல்லது பத்துப் பந்துப் பரிமாற்றம் என்னும் அளவு தீவகத்திலே நிலைபெற்றமைக்கு இதுவும் ஒரு காரணமெனலாம். உலக அரங்கில் இருபது பரிமாற்ற ஆட்டம் 2003ஆம் ஆண்டு இங்கிலாந்திலே தொழில்முறையாகத் தொடங்கப்பட்டபோது அதனைப் புதுமை என்றார்கள். நேரக் குறைவால் ஆட்டத்தைச் சுருக்கிக்கொள்ளும் வழக்கம் கிராமங்களுக்குப் புதியதன்று.

ஞாயிறு தெரிவுசெய்யப்படுவதற்கும் காரணம் உண்டு. பாடசாலையும் அலுவலகமும் விடுமுறை என்பது வெளிப்படை. அதற்குமேல், ஊர்காவற்றுறை முதலிய கத்தோலிக்கக் கடற்றொழிற் கிராமங்களிலே ஞாயிறு ஓய்வுநாளாகக் கைக்கொள்ளப்படுவது. காலைப் பூசை முடிந்தபின் வலையும் வள்ளமும் கரையிலிருக்க, இளைஞர் கைகள் ஓய்ந்திருக்கும் நாள் அது ஒன்றே. இக்கிராமங்களில் உதைபந்தாட்டமும் கரப்பந்தாட்டமும் துடுப்பாட்டத்துக்குக் குறையாத செல்வாக்குடையவை என்பதையும் இங்குக் கூறிவைத்தல் வேண்டும்.

இனி, ஆடுகளம். தீவகத்தின் நிலம் சுண்ணக்கற் பாறைமேற் படிந்த மெல்லிய மண். வாடைக்காற்று மழை கொணரும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வயல்களும் தரவைகளும் நீரில் மூழ்கியிருக்கும். தைமாதத்தை ஒட்டி நெல் அறுவடை முடிந்தபின்னரே களம் கிடைக்கும். மாசி தொடங்கிச் சித்திரை வரையுள்ள காலம் கடலும் பொதுவாக அடங்கியிருக்கும் காலமாதலின், தீவிடை ஆட்டங்களுக்கு அதுவே உகந்தது. வைகாசிக்குப்பின் சோளகம் எழும். அப்போதும் ஆடுவார்கள், ஆயின் அது வேறோர் ஆட்டம்.

இக்கூற்றைச் சற்று விளக்குதல் பொருந்தும். கிராமத்தில் ஆடப்படுவது பெரும்பாலும் மென்பந்துத் துடுப்பாட்டம். அதாவது ரெனிஸ் பந்தினைக் கொண்டு ஆடப்படுவது. தோலாற் செய்யப்பட்ட கடினப்பந்தின் நிறை ஏறத்தாழ 160 கிராம். ரெனிஸ் பந்தின் நிறை ஏறத்தாழ 58 கிராம். விட்டத்திலோ பெரிய வேறுபாடில்லை: முன்னது 7.2 சதமமீற்றர், பின்னது 6.7 சதமமீற்றர் அளவினது. காற்று ஒரு பந்தின்மீது செலுத்தும் விசை அதன் குறுக்குப் பரப்பைப் பொறுத்தது. அவ்விசையினால் பந்து எவ்வளவு விலகும் என்பது அதன் நிறையைப் பொறுத்தது. இரண்டையும் சேர்த்துக் கணித்தால், ஒரே காற்றில் மென்பந்து கடினப்பந்திலும் ஏறத்தாழ இரண்டரை மடங்கு வேகமாற்றத்துக்கு உள்ளாகின்றது. மரங்களால் மறைக்கப்படாத கடலோரத் தரவையில், சோளகம் வீசும் பிற்பகலில், இதன் விளைவு மிகப் பெரிது. காற்றை எதிர்த்து உயர அடிக்கப்பட்ட பந்து எல்லைக்கோட்டை அடையாது களத்தடுப்பாளன் கையில் வந்து விழும்; காற்றோடு சென்ற சாதாரண அடி ஆறு ஓட்டமாகும். ஆகவே நாணயச்சுழற்சியில் வென்ற தலைவன் முதலில் துடுப்பெடுத்தாடுவதா என்று சிந்திக்குமுன் காற்றின் திசையையே பார்ப்பான். வேகமாக வீசுபவனைக் காற்றின் பக்கத்திலிருந்தும், மெதுவாகச் சுழற்றுபவனை எதிர்ப்பக்கத்திலிருந்தும் வீசச் செய்தல் வழக்கம். பாய்க்காலத்து அறிவைக் கடற்றொழிலாளர் மகன் பந்திலே பயன்படுத்துகிறான் என்று சொன்னால் அது மிகையாகாது. வாடை, சோளகம், கச்சான், கொண்டல் என்று காற்றுக்குப் பெயரிட்டு வாழ்ந்த சமூகத்தில் இது வியப்புக்குரியதன்று.

விதிகளுக்கு வருவோம். மென்பந்தாட்டத்திலே காலிற் பந்து பட்டு ஆட்டமிழக்கும் முறை, அதாவது எல்.பி.டபிள்யூ., பொதுவாகக் கைக்கொள்ளப்படுவதில்லை. மென்பந்து காலிற் பட்டால் நோகாது, எனவே அவ்விதி தேவையில்லை என்பர் சிலர். இவ்விளக்கம் போதாது, நோவாமையால் காலை வைத்து மறித்தல் எளிதாகின்றது, ஆதலின் அவ்விதி இங்குத்தான் கூடுதலாக வேண்டப்படும். உண்மைக் காரணம் நடுவரிடத்து உள்ளது. சிநேகபூர்வ ஆட்டத்துக்கு வெளியிலிருந்து நடுவர் வருவதில்லை. துடுப்பெடுத்தாடும் அணியின் காத்திருக்கும் வீரர் இருவரே நடுவராக நிற்பர். காலில் பட்ட பந்து விக்கெற்றைச் சென்றடைந்திருக்குமா என்பது கண்ணால் கண்ட செய்தியன்று, ஊகம். தன் அணித் தோழனுக்கு எதிராக ஊகத்தின்பேரில் தீர்ப்பளிக்குமாறு ஒருவனைக் கேட்டல் இயலாது. அளித்தால் தன் ஊராரிடம் பகை. அளியாவிடின் வந்த ஊராரிடம் பகை. எனவே ஊகத்துக்கு இடமளிக்கும் விதியையே ஆட்டத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். பிடி, விக்கெற் சாய்தல், ஓட்டத்தில் ஆட்டமிழத்தல் என எல்லாரும் காணத்தக்கவை மாத்திரம் எஞ்சின. ஓட்டத்தில் ஆட்டமிழத்தல் அரைக்கணச் செய்தியாதலால் சச்சரவு பெரும்பாலும் அதிலேதான் தோன்றும். அச்சச்சரவு சிலவேளை துடுப்பையும் விக்கெற்றையும் கையிலெடுக்கும் அளவுக்குப் போவதுண்டு என்பதை மறைத்தல் நேர்மையாகாது. “சிநேகபூர்வம்” என்ற சொல் நடந்ததைக் கூறுவதிலும் பார்க்க, நடக்கவேண்டியதைக் கூறுவது.

வேலிக்கு அப்பால் விழுந்தால் ஆறா, ஆட்டமிழப்பா? பந்து கேணியில் விழுந்தால் என்ன செய்வது? மாடு குறுக்கே வந்தால்? இவையெல்லாம் ஆட்டத்துக்கு முன்னர் இரு தலைவர்களும் நின்று பேசித் தீர்க்கும் விடயங்கள். எழுத்திற் பதியப்படாத இவ்வுடன்பாடுகள் ஊருக்கு ஊர் வேறுபடும். விருந்தினர் அவற்றை ஏற்பர்.

இவ்விடத்திற் பிறநாட்டு உதாரணமொன்று நோக்கத்தக்கது. பப்புவா நியூகினிக்கு உரிய திரோபிரியாந்து தீவுகளில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மெதடிஸ்த மிஷனரிமார் துடுப்பாட்டத்தை அறிமுகஞ் செய்தனர். தீவு மக்கள் அதனைத் தம் சடங்கும் நடனமும் கலந்த ஆட்டமாக மாற்றிக்கொண்டமை 1970களில் எடுக்கப்பட்ட ஒரு மானிடவியல் திரைப்படத்தால் உலகறிந்தது. அங்கு அணிக்கு இத்தனை பேர் என்ற வரையறையில்லை. வருகின்றவர் யாவரும் ஆடுவர். விருந்தளிக்கும் ஊரே எப்போதும் வெல்லும். எமது தீவகத்தில் வெற்றி முன்கூட்டி முடிவு செய்யப்படுவதில்லை. ஆயினும், ஆட்டம் என்பது இரண்டு ஊர்கள் ஒருவரையொருவர் ஏற்று உபசரிக்கும் நிகழ்வு என்ற அடிப்படை இரண்டிடத்தும் ஒன்றேயாம்.

உபசரிப்பு என்றவுடன் சாதி குறுக்கிடுகின்றது. தீவகத்து விளையாட்டுக் கழகங்கள் பல, வாசிகசாலைகளையும் சனசமூக நிலையங்களையும் ஒட்டி வளர்ந்தவை. அவை குறிச்சி அடிப்படையில் அமைந்தவை. குறிச்சிகளோ பெரும்பாலும் சாதி அடிப்படையில் அமைந்தவை. ஆகவே “நமது ஊர் அணி” என்பது பலவிடங்களில் உண்மையில் ஒரு குறிச்சியின் அணியேயாகும். ஒரே ஊரின் இரு கழகங்கள் தம்முள் ஆடாது அயல்தீவுடன் ஆட விரும்பியமைக்கும் இது ஒரு காரணம். பந்து எல்லாக் கைகளிலும் படும். தண்ணீர்ச் செம்பு அவ்வாறு எல்லாக் கைகளுக்கும் போனதில்லை. 1966ஆம் ஆண்டுக்குப்பின் குடாநாட்டில் வலுப்பெற்ற தேநீர்க்கடைப் பிரவேச, ஆலயப் பிரவேசப் போராட்டங்களின் வரலாற்றை எழுதுவோர், ஆட்டம் முடிந்தபின் யார் யார் வீட்டுத் திண்ணையில் யாருக்கு எந்தப் பாத்திரத்தில் தேநீர் வழங்கப்பட்டது என்பதையும் ஆராய வேண்டும். கல்லூரி ஆட்டங்களில் இவ்வினாவை நிறுவனம் மறைத்துவிடும். கிராம ஆட்டத்தில் அது வெளிப்படையாக நிற்கும்.

தமிழ் பயில்வோருக்கு இவ்வாட்டத்தின் மொழி தனிச் சுவையுடையது. தமிழகத்தார் ‘மட்டைப்பந்து’ என்பர். ஈழத்தார் ‘துடுப்பாட்டம்’ என்பர். உதைபந்து, கரப்பந்து, வலைப்பந்து என ஏனைய ஆட்டங்களுக்குப் பந்தைக் கொண்டு பெயரிட்ட ஈழத் தமிழ், இதற்கு மாத்திரம் கருவியைக் கொண்டு பெயரிட்டது. துடுப்பு என்பது பழந்தமிழில் மர அகப்பையையும், பொதுவழக்கில் வள்ளம் வலிக்கும் கருவியையும் குறிக்கும். மூன்றும் பிடியும் தட்டையான அலகும் உடைய மரக்கருவிகளாதலின் பெயர் பொருந்துகின்றது. காலையில் ஒரு துடுப்பும் மாலையில் மற்றொரு துடுப்புமாக இருப்பவன் தீவகத்தானே. வேடிக்கை யாதெனில், தீவகத்துச் சிறுவன் கையிலெடுக்கும் முதற் கருவி பெரும்பாலும் தென்னை மட்டையாகும். அதன் அகன்ற அடிப்பகுதி அலகாகவும், செதுக்கிய மேற்பகுதி பிடியாகவும் அமையும். மென்பந்துக்கு அந்த நொய்ம்மை போதும். பூவரசந் தடிகள் விக்கெற்றுகளாகும். ஆக, தமிழகத்துப் பெயர் ஈழத்துச் சிறுவனின் கருவிக்கே மிகப் பொருந்துகின்றது! களத்திலோ ‘பற்’, ‘போல்’, ‘அவுட்’ என்பனவே ஒலிக்கும். துடுப்பாட்டம், பந்துவீச்சு, களத்தடுப்பு, உதிரிகள் ஆகிய சொற்கள் பத்திரிகை, வானொலி, பாடநூல் வழியே பரவி, கழகத்தின் அறிவித்தற் பலகையில் இடம்பெற்றன. அடிக்கும்போது ஆங்கிலம், அறிவிக்கும்போது செந்தமிழ் என்னும் இவ்விருநிலை வழக்கை எள்ளி நகையாடுவோர் உளர். பேச்சுக்கும் எழுத்துக்குமுள்ள பழைய இடைவெளி இங்கும் நிலவுகின்றது, அவ்வளவே.

மேலே கூறியவை நிகழ்காலத்துக்கு முழுமையாகப் பொருந்துமோ என்றால், இல்லை. 1985ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்துகொண்டிருந்த குமுதினிப் படகின் பயணிகள் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டனர். அதன்பின் படகேறுவது என்பதே வேறு பொருள் பெற்றது. 1990, 1991ஆம் ஆண்டுகளில் தீவகம் இராணுவத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது மக்கள் பெருந்தொகையாகக் குடாநாட்டுக்கு இடம்பெயர்ந்தனர். அவருட் பலர் பின்னர் கனடா, பிரான்சு, சுவிற்சலாந்து, பிரித்தானியா ஆகிய நாடுகளிற் குடியேறினர். 2009இல் யுத்தம் முடிந்தபின் ஊர் திரும்பியோர் உளராயினும், பூட்டிக்கிடக்கும் வீடுகளும் பற்றைபடர்ந்த வளவுகளும் புங்குடுதீவிலும் வேலணையிலும் இன்னும் காணத்தக்கன. அணிக்குப் பதினொருவர் என்பது இதனாற் கடினமாயிற்று. ஒன்பதின்மர், எழுவர், அறுவர் கொண்ட அணிகளின் ஆட்டங்கள் பெருகியமை இடவசதிக்காக மட்டும் அன்று. புலம்பெயர்ந்த நாடுகளில் ஊர்ச் சங்கங்கள் கோடைகாலத்தில் விளையாட்டு விழா நடத்துகின்றன. கழகத்துக்குப் புதிய சீருடையும் துடுப்பும் அங்கிருந்தே வருகின்றன. கருவி வருகின்றது, ஆள் வருவதில்லை.

2025ஆம் ஆண்டு செப்டெம்பர் 1ஆம் நாள் மண்டைதீவில் சர்வதேசத் துடுப்பாட்ட மைதானத்துக்குச் சனாதிபதி அநுர குமார திசாநாயக்க அடிக்கல் நாட்டினார். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிற் பயின்ற விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020இல் லங்கா பிரீமியர் லீக்கிலும், 2024இல் இந்திய பிரீமியர் லீக்கிலும் ஆடியமை வடபுலத்து இளைஞருக்கு ஒரு வழியைக் காட்டியிருந்த காலத்தில் இது நிகழ்ந்தது. மைதானம் எழுவது நல்லதே. ஆயினும் அது கடினப்பந்தின் மைதானம். அதற்கு வேண்டியவை பயிற்றுநர், வலைப்பயிற்சி, செப்பனிட்ட ஆடுதளம். இவை தீவகத்துப் பாடசாலைகளுக்கு எட்டாதவரையில், பண்ணைத் தாம்போதியால் வரும் பார்வையாளர்க்கு மண்டைதீவு அண்மையாகவும், நெடுந்தீவுச் சிறுவனுக்கு அது ஒரு படகும் இரண்டு பேருந்துமாகவுமே இருக்கும். அங்கு முதல் ஆட்டம் நடக்கும் நாளில், காற்று எத்திசையிலிருந்து வீசும் என்பதை அணித்தலைவருக்குச் சொல்லக்கூடியவர் மட்டும் அயலில் நிறையவே இருப்பர்.