சென்சஸ்ல கொள்ளுத் தாத்தா பெயர் இருக்குமா?

ஊர்ப் பெயர்கள் பத்தின எபிசோட் வந்ததும் நிறைய பேர் ஒரே கேள்வியை அனுப்பியிருந்தீங்க. "எங்க கொள்ளுத் தாத்தா யாருன்னு பழைய சென்சஸ்ல தேட முடியுமா?"

முடியாது. அமெரிக்காவில் 72 வருஷம் ஆனதும் சென்சஸ் தாள்களைப் பெயரோட வெளியிடுறாங்க. பிரிட்டனில் 100 வருஷம். நம்ம ஊர்ல 1871ல மெட்ராஸ் மாகாணம் முழுக்க எண்ணினாங்க. 1881 பிப்ரவரி 17 ராத்திரி நாடு முழுக்க ஒரே நேரத்துல எண்ணினாங்க. ஆனா கூட்டல் முடிஞ்சதும் அந்தத் தாள்களைப் பாதுகாக்கலை. மிச்சம் இருக்கறது அட்டவணை மட்டும்தான். சீர்காழி தாலுகாவுல எத்தனை பேர்னு சொல்லும், யார்னு சொல்லாது. சுதந்திரத்துக்கு அப்புறம் வந்த 1948 சென்சஸ் சட்டத்தோட 15வது பிரிவு, தனிநபர் விவரத்தை யாரும் பார்க்கவே கூடாதுன்னு சொல்லுது. நல்ல சட்டம்தான். ஆனா நம்ம தேடலுக்கு உதவாது.

அடுத்தது பிறப்புப் பதிவு. 1899ல மெட்ராஸ் மாகாணத்துக்குன்னு தனிச் சட்டம் வந்தது. கிராமத்துல பதிவேடு எழுதினது கிராம அதிகாரி. 1980ல பரம்பரைக் கிராம அதிகாரிகளை ஒழிக்கிற வரைக்கும் அதே ஏற்பாடுதான். இப்போ பழைய பதிவேடு வேணும்னா தாலுகா ஆபீஸ், சார்பதிவாளர் ஆபீஸ் ரெண்டுலயும் கேட்டுப் பார்க்கணும். 1969 சட்டத்தின் 17வது பிரிவுப்படி, பதிவேட்டைத் தேடச் சொல்லிக் கட்டணம் கட்டி நகல் வாங்கலாம். இது நிறைய பேருக்குத் தெரியறதில்லை.

சிக்கல் என்னன்னா, பழைய பதிவுல குழந்தை பெயர் பெரும்பாலும் இருக்காது. பிறந்த சில நாள்ல எழுதுறாங்க, பெயர் வைக்கிறது அதுக்கப்புறம். "ஆண்", தேதி, அப்பா பெயர், ஊர், அவ்வளவுதான். அதனால தேடப் போறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் கையில இருக்கணும்: தேடுறவரோட அப்பா பெயர், பதிவேட்டில் இருக்கிற ஊர்ப் பெயர். என் அப்பா வழிக் குடும்பம் பூம்புகார்ப் பக்கம். "பூம்புகார்"னு நாம ஜாலியா சொல்லிடுறோம், ஊராட்சிப் பெயர் காவிரிப்பூம்பட்டினம். பக்கத்துல மேலையூர், கீழையூர்னு தனித்தனி ஊர்கள். மாவட்டமும் 1991 வரைக்கும் தஞ்சாவூர், அப்புறம் நாகப்பட்டினம், 2020லேர்ந்து மயிலாடுதுறை. கோவலனோட அப்பா பெயர் மாசாத்துவான்னு அந்த ஊர்ல சின்னப் பசங்க கூடச் சொல்லுவாங்க. தன்னோட தாத்தாவின் அப்பா பெயரைக் கேளுங்க, முழிப்பாங்க.

நிலம் இருந்த குடும்பம்னா வேலை சுலபம். பத்திரத்துல "இன்னார் குமாரர் இன்னார்"னு எழுதியிருக்கும். ஒரு பத்திரம் கிடைச்சாலே ரெண்டு தலைமுறை தெரிஞ்சிடும். ஆனா டெல்டாவில் நிலம் மிராசுதார் கையில. உழுது நட்டவங்க பண்ணையாள். பட்டா இல்லை, பத்திரம் இல்லை. பண்ணையாள் பாதுகாப்புக்குன்னு ஒரு சட்டம் வரவே 1952 ஆச்சு. பத்திரத்துல பெண்கள் பெயர் வர்றதும் குறைவு.

இப்படிப்பட்ட குடும்பங்கள்ல அதிக விவரத்தோட பதிவானவங்க யாருன்னா, ஊரை விட்டுக் கப்பல் ஏறினவங்க. இது எனக்கு ரொம்ப நாள் உறுத்தின விஷயம். ஊர்ல தலைமுறை தலைமுறையா வேலை பார்த்தவரை யாரும் எழுதி வைக்கலை. கரும்புத் தோட்டத்துக்கு அனுப்பும்போது மட்டும் உயரம் முதற்கொண்டு அளந்து எழுதியிருக்காங்க, ஒப்பந்தத்துல ஆள் மாறிடக் கூடாதுன்னு.

தென்னாப்பிரிக்காவின் நட்டாலுக்கு 1860லேர்ந்து 1911 வரைக்கும் போனவங்க 1,52,184 பேர். முதல் கப்பல் 'ட்ரூரோ' மெட்ராஸ்லேர்ந்து கிளம்பி 1860 நவம்பர் 16ல டர்பன் சேர்ந்தது. ஒவ்வொருத்தருக்கும் ஒரு எண், பெயர், அப்பா பெயர், வயசு, சாதி, உயரம், ஜில்லா, தாலுகா, கிராமம். உடம்புல இருக்கிற தழும்புக்குக்கூட ஒரு கட்டம். பெண்களுக்கும் தனி வரி உண்டு. குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையம் இந்தப் பட்டியலைக் கணினியில் ஏத்தி வச்சிருக்கு. மொரீஷியஸ் போனவங்களுக்கு மோக்காவில் இருக்கிற மகாத்மா காந்தி நிலையம். அங்கே போட்டோவும் கிடைக்கலாம்.

எங்க வீட்ல "கப்பலுக்குப் போன சின்னத் தாத்தா"ன்னு ஒருத்தரைப் பத்திப் பேசுவாங்க, கொள்ளுத் தாத்தாவோட தம்பி. அத்தைகிட்ட கேட்டப்போ, "போனாரு, ஒரு கடுதாசி வந்துச்சாம், அதோட சரி"ன்னாங்க. நல்லவேளை, அவரோட அப்பா பெயர் அத்தைக்கு ஞாபகம் இருந்தது. பட்டியலைத் திறந்தா சீர்காழியே கண்ணுல படலை. ஏன்னா ஆங்கிலத்துல அது "ஷியாலி". தஞ்சாவூர் "டான்ஜோர்". மயிலாடுதுறை அப்போ மாயவரம். தரங்கம்பாடி "டிராங்குபார்". கிராமப் பெயரை எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார், அதனால வாய்விட்டுப் படிச்சுப் பார்க்கணும்.

கிறிஸ்தவக் குடும்பம்னா தரங்கம்பாடிப் பக்கம் போய்ப் பாருங்க. 1706ல சீகன்பால்கு வந்து இறங்கின ஊர், 1845 வரைக்கும் டேனிஷ்காரங்க கையில. சர்ச் ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயர் இருக்க வாய்ப்பு உண்டு. இன்னும் தெற்கே போனா காரைக்கால். அங்கே பிரெஞ்சு ஆட்சி. பிறப்பு, கல்யாணம், இறப்பு மூணையும் எழுதின பழைய பதிவேடுகள்ல பலதை, பிரான்ஸில் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரத்து ஆவணக் காப்பகம் இணையத்துல இலவசமா வச்சிருக்கு. காவிரி ஒண்ணுதான், எந்தக் கொடிக்குக் கீழே பிறந்தோம்கிறதுதான் பெயர் மிஞ்சுமா மிஞ்சாதான்னு முடிவு பண்ணியிருக்கு.

சின்னத் தாத்தா விஷயத்துல இப்போ ரெண்டு பேர் கிடைச்சிருக்காங்க. ஒரே பெயர், ஒரே அப்பா பெயர், ஷியாலி தாலுகா. ஒருத்தருக்கு வயசு 20, இன்னொருத்தருக்கு 30. கிராமப் பெயர் ரெண்டுமே எங்க ஊர் மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு. நட்டால்ல ஒருத்தருக்குக் கொடுத்த எண் அவரோட பிற்காலக் காகிதங்கள்லயும் கூடவே வரும். அந்த ரெண்டு எண்ணையும் வச்சு அங்கே கல்யாணப் பதிவு தேடச் சொல்லி எழுதியிருக்கேன். நீங்க இந்த வாரம் வீட்ல மூத்தவங்களுக்கு ஒரு போன் போடுங்க. அப்பா பெயர், ஊர்ப் பெயர் ரெண்டையும் கேட்டுக் குறிச்சு வைங்க.