புள்ளிக்கு அந்தப் பக்கம்

காய்கறிக் கடையில் தக்காளியை மின்னணுத் தராசின் தட்டில் வைக்கிறார்கள். 1.050 என்று சிவப்பு எழுத்தில் எண் ஒளிர்கிறது. கிலோ 40 ரூபாய். பக்கத்தில் நிற்கும் ஒரு மாணவனிடம், "எடை எவ்வளவு, தம்பி?" என்று கேட்டுப் பாருங்கள். ஒன்றரைக் கிலோ என்று சொல்பவர்கள் உண்டு. ஒரு கிலோ ஐந்து கிராம் என்று சொல்பவர்களும் உண்டு. உண்மையில் அது ஒரு கிலோ ஐம்பது கிராம். விலை 42 ரூபாய். ஒன்றரைக் கிலோ என்று கொண்டால் 60 ரூபாய். ஒரு கிலோ ஐந்து கிராம் என்று கொண்டால் 40 ரூபாய் 20 காசு. ஒரே எண்ணுக்கு மூன்று விலை!

தசமப் பெருக்கலும் வகுத்தலும் தாளில் பிழையின்றிப் போடுகிற மாணவர்களே கடையில் இப்படித் தடுமாறுவதைக் காண்கிறோம். காரணம் என்ன? பணம்தான் இந்தத் தவறான பழக்கத்தை நமக்குக் கற்றுக் கொடுத்தது என்பது என் எண்ணம்.

உங்கள் தாத்தாவின் பழைய கணக்கு நோட்டு கிடைத்தால் புரட்டிப் பாருங்கள். ரூ. 3-5-6 என்று எழுதியிருக்கும். மூன்று ரூபாய், ஐந்து அணா, ஆறு பை என்று பொருள். ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை. அங்கே உள்ள சிறு கோடு வெறும் வேலி. இந்தப் பக்கம் ஒரு காசு, அந்தப் பக்கம் வேறு காசு என்று பிரித்துக் காட்டுவதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை. 1955-இல் சட்டம் இயற்றப்பட்டு, 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு நூறு நயா பைசா என்ற முறை நடைமுறைக்கு வந்தது. (முட்டாள்கள் தினம் பார்த்து வந்ததே என்று கேலி பேசாதவர்கள் இருந்திருப்பார்களா!) 1964-இல் 'நயா' போய், பைசா மட்டும் நின்றது.

அணாவைப் பைசாவாக மாற்றுவதிலேயே ஒரு வேடிக்கை இருந்தது. ஓர் அணா என்பது 6.25 பைசா. கால் பைசாவுக்கு நாணயம் ஏது? ஆகவே அரைப் பைசா வரை இருந்தால் விட்டுவிடுவது, அதற்கு மேற்பட்டால் ஒரு பைசாவாகக் கொள்வது என்று விதி செய்தார்கள். ஓர் அணாவுக்கு 6, இரண்டு அணாவுக்கு 12, மூன்று அணாவுக்கு 19, நான்கு அணாவுக்கு 25. இதன்படி மூன்று அணாப் பொருள் நான்கைத் தனித்தனியாக வாங்கினால் 76 பைசா. நான்கையும் சேர்த்து ஒரே பட்டியலாகப் போட்டால் 12 அணா, அதாவது 75 பைசா. இரண்டு அணாப் பொருளாயின் கதை தலைகீழ். எட்டைத் தனித்தனியாக வாங்கியவர் 96 பைசா கொடுத்தார்; சேர்த்து வாங்கியவர் முழு ரூபாய் கொடுத்தார். தசமத்தை எந்த இடத்தில் முழுமையாக்குகிறோம் என்பதும் பணத்தைக் கூட்டிக் குறைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேண்டியதில்லை.

நாம் விட்ட இடத்துக்கு வருவோம். கோடு இருந்த இடத்தில் புள்ளி வந்தது. ஆனால் மனத்தில் வேலி என்ற எண்ணம் மாறவில்லை. 3.50 என்பதை 'மூன்று ரூபாய், ஐம்பது பைசா' என்று இரண்டு தனி எண்களாகவே படித்தோம். பணத்தில் இதனால் பெரிய கேடு இல்லை. ஏனெனில் புள்ளிக்குப் பின் எப்போதும் இரண்டு இலக்கங்கள் எழுதுகிறோம். மூன்று ரூபாய் ஐந்து பைசாவை 3.05 என்று எழுதப் பழகியிருக்கிறோம். தராசுக்கு வந்ததும் இந்தப் பழக்கம் காலை வாரிவிடுகிறது. அங்கே புள்ளிக்குப் பின் மூன்று இலக்கங்கள்.

புள்ளி வேலி அன்று. ஒன்றின் இடம் எது என்று காட்டும் அடையாளம் அது. அதற்கு இடப்பக்கம் நகர நகரப் பத்து மடங்கு பெருகுகிறது; வலப்பக்கம் நகர நகரப் பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. கிலோவில் முதல் இடம் நூறு கிராம், அடுத்தது பத்து கிராம், அதற்கடுத்தது ஒரு கிராம். 1.050-இல் நூறு கிராம் இல்லை. பத்து கிராம் ஐந்து இருக்கிறது. நடுவில் நிற்கும் பூஜ்யம்தான் ஐந்தை அதன் இடத்தில் நிறுத்திப் பிடித்துக் கொண்டிருக்கிறது.

இதனால்தான் புள்ளிக்குப் பின் வரும் இலக்கங்களைத் தனித்தனியாகப் படிக்கச் சொல்கிறோம். 1.25 என்பதை 'ஒன்று புள்ளி இருபத்தைந்து' என்றால், அது 1.5-ஐ விடப் பெரியது என்று காது ஏமாறும். 'ஒன்று புள்ளி இரண்டு ஐந்து' என்றால் ஏமாறாது. ஐயம் வந்தால் இரண்டையும் மூன்று இலக்கமாக்கி, 1.250, 1.500 என்று எழுதிப் பார்த்துவிடுங்கள்.

நம் பேச்சில் உள்ள கால், அரை, முக்கால் இங்கே நல்ல துணை. கிலோ 64 ரூபாய் விற்கும் பொருளில் 0.750 கிலோ வாங்குகிறீர்கள். 750-ஐ 64-ஆல் பெருக்கி 48000 என்று எழுதிவிட்டுப் புள்ளியை எங்கே வைப்பது என்று விழிக்க வேண்டாம். முக்கால் கிலோ, 64-இல் முக்கால் 48. ஆகவே 48.000-தான், 480 அன்று. கல்லூரியில் கணிப்பானைத் தட்டி 480 என்று எழுதும் மாணவர்கள் இந்தக் கேள்வியைத் தங்களிடமே கேட்டுக் கொள்வதில்லை.

எங்கே புள்ளியைக் கண்டாலும் தசமம் என்று எண்ணுவதும் தவறு. கிரிக்கெட்டில் 4.3 ஓவர் என்றால் நான்கு ஓவரும் மூன்று பந்துகளும். ஓவருக்கு ஆறு பந்து ஆதலால் அது நாலரை ஓவர். 36 ஓட்டம் எடுத்திருந்தால் சராசரி 8, 4.3-ஆல் வகுத்தால் 8.37 என்று பிழையாக வரும். சன்னலுக்குக் கண்ணாடி அறுக்கச் சொல்லும்போது 5 அடி 6 அங்குலத்தை 5.6 அடி என்று எழுதிக் கொடுத்து விடாதீர்கள். அது 5.5 அடிதான். 5.6 என்று அறுத்த கண்ணாடி 1.2 அங்குலம் நீண்டு, சட்டத்துக்குள் நுழையாமல் நிற்கும்.

மருந்தில் இதே பிழை வேறு வகையானது. குழந்தைக்கு 2.5 மி.லி. என்று எழுதியிருக்கும் இடத்தில் புள்ளி மங்கிப் போனால் 25 ஆகிவிடும். பத்து மடங்கு மருந்து. ஆகவே மருந்து எழுதுவோருக்கு இரண்டு விதிகள் உண்டு. அரை மி.கி. என்பதை .5 என்று எழுதக் கூடாது. முன்னால் பூஜ்யம் இட்டு 0.5 என்றே எழுத வேண்டும். 5 மி.கி. என்பதை 5.0 என்று எழுதக் கூடாது. புள்ளி தெரியாவிட்டால் 50 ஆகிவிடும்.

இயற்பியல் ஆய்வுக் கூடத்தில் நாங்கள் இதற்கு நேர்மாறாகச் சொல்கிறோம்! வெர்னியர் அளவியால் அளந்து 2.5 செ.மீ. என்று எழுதினால் மதிப்பெண் குறைப்போம், 2.50 என்று எழுத வேண்டும். நூறில் ஒரு பங்கு சென்டிமீட்டர் வரை பார்த்தேன், அங்கே ஒன்றும் இல்லை என்று அந்தக் கடைசிப் பூஜ்யம் சொல்கிறது. சாதாரண அளவுகோலால் அளந்தவர் அப்படி எழுத உரிமை இல்லை. ஆய்வுக் கூடத்தில் அளவின் நுட்பத்தைக் காட்டுகிற அதே பூஜ்யம் மருந்துச் சீட்டில் ஆபத்தாகிறது.

வீட்டுக்குச் சமையல் எரிவாயுச் சிலிண்டர் வரும்போது இதைச் செய்து பாருங்கள். வெற்றுச் சிலிண்டரின் எடை அதன் மேல் எழுதியிருக்கும். சிலிண்டருக்குச் சிலிண்டர் அது மாறும். 15.3 என்றிருப்பதாக வைத்துக் கொள்வோம். உள்ளே இருக்க வேண்டிய வாயு 14.2 கிலோ. கூட்டினால் 29.5. கொண்டு வந்தவரை எடை போட்டுக் காட்டச் சொல்லுங்கள். தராசு 29.50 என்று காட்டினால் சரி. 29.05 என்று காட்டினால், "அதே இருபத்தொன்பது புள்ளி ஐந்துதானே" என்று தலையாட்டி விடாதீர்கள். 450 கிராம் குறைகிறது.