பழைய காரில் ஐந்து நாள் பயணமா? வண்டியோடு உங்களையும் கவனியுங்கள்!

ஆண்களுக்குப் பழைய கார் மேல் ஒரு மோகம் வந்துவிட்டால் லேசில் விடாது. "பெத்த பிள்ளைக்குக்கூட இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செஞ்சதில்லே" என்று அலுத்துக்கொள்ளும் மனைவிமார் எல்லா தேசத்திலும் உண்டு. அமெரிக்காவிலோ இந்த மோகம் ஒரு திருவிழாவாகவே வளர்ந்துவிட்டது.

பழைய காரின் கூட்டை வைத்துக்கொண்டு, உள்ளே அதிக சக்தியுள்ள எஞ்சினைப் பொருத்திக்கொண்டால் அதற்கு ‘ஹாட் ராட்’ என்று பெயர். இதே பெயரில் 1948-ல் தொடங்கிய ஒரு பத்திரிகை, 1995-ல் ‘பவர் டூர்’ என்ற கார்ப் பயணத்தை ஆரம்பித்து வைத்தது. ஐந்து முதல் ஏழு நாள் வரை, ஊர் ஊராகப் போகும் பயணம். மொத்தம் ஆயிரம் மைல், அதாவது 1,600 கிலோமீட்டருக்கும் மேல் ஓடும். பெரும்பாலும் ஜூன் மாதக் கோடையில்தான் நடந்து வந்திருக்கிறது. இது பந்தயம் அல்ல. பகலெல்லாம் ஓட்டிக்கொண்டு போய், அன்றன்றைய ஊரில் எல்லோரும் கூடி, ஒருவர் காரை ஒருவர் பார்த்து ரசிப்பார்கள். முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை கூடவே வருகிறவர்களுக்கு ‘லாங் ஹாலர்’ என்று தனி மரியாதை!

நம் பெண்கள் எத்தனையோ பேர் அங்கே குடித்தனம் நடத்துகிறார்கள். "நாமும் ஒரு தடவை போகலாமா?" என்று வீட்டுக்காரர் கேட்டால் தாராளமாகப் போகலாம். ஆனால் அவர் மாதக்கணக்கில் எஞ்சினையே பார்த்துக்கொண்டிருப்பார். பக்கத்திலும் பின்னாலும் உட்காரப் போகிறவர்களை யார் பார்ப்பது? அது உங்கள் பொறுப்பு. கிளம்பும் முன் சில கேள்விகளைக் கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள்.

புகை உள்ளே வருகிறதா?

முதல் கேள்வி இதுதான். எஞ்சின் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. நாம் சுவாசிக்கும் பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் வலுவாக இது ரத்தத்தோடு ஒட்டிக்கொள்கிறது. பழைய காரில் தரைத்தகடு துருப்பிடித்து ஓட்டை விழுந்திருக்கலாம். கதவு ரப்பர்கள் காய்ந்து போயிருக்கலாம். மாற்றியமைத்த காரில் புகைக்குழாயைக் குட்டையாக வெட்டி, பக்கவாட்டிலேயே விட்டிருக்கலாம். இப்படிப்பட்ட வழிகளில் புகை உள்ளே நுழைந்துவிடும். டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டினாலும் பின்புறப் புகை உள்ளே இழுக்கப்படும்.

தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், தூக்கக் கலக்கம் இவைதான் இதன் முதல் அறிகுறிகள். "வெயில்லே வந்தது, அதான் தலையை வலிக்குது" என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்வோம். அங்கேதான் ஆபத்து! காரில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே சமயத்தில் தலைவலி வந்தாலோ, கீழே இறங்கிக் காற்றாட நின்றதும் வலி குறைந்தாலோ, புகையைத்தான் சந்தேகிக்க வேண்டும். உடனே வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள். யாராவது மயங்கினாலும், தலைவலி விடாவிட்டாலும் 911-ஐ அழையுங்கள். புகை பட்டிருக்கலாம் என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். கோளாறைச் சரிசெய்யும் வரை அந்தக் காரில் ஏற வேண்டாம்.

குழந்தைகளை இது சீக்கிரம் பாதிக்கும். கர்ப்பிணியின் வயிற்றிலுள்ள சிசுவுக்கோ இன்னும் கெடுதல். ஆகவே, புறப்படும் முன்பே புகைக்குழாயையும் தரைத்தகட்டையும் மெக்கானிக்கிடம் காட்டிச் சரிபார்த்துவிட வேண்டும்.

பெல்ட் இருக்கிறதா?

அமெரிக்காவில் புதிய கார்களில் சீட் பெல்ட் இருந்தே ஆக வேண்டும் என்ற மத்திய சட்டம் 1968-ல்தான் வந்தது. அதற்கு முந்தைய பல கார்களில் பெல்ட் கிடையாது. உறுதியான இடத்தில் பிணைத்துப் புதிதாகப் பொருத்திக்கொள்ளலாம். "மடியிலே வச்சுக்கிறேனே" என்பது மட்டும் வேண்டவே வேண்டாம். திடீரென்று பிரேக் போட்டால் குழந்தையைக் கையால் பிடித்து நிறுத்த யாராலும் முடியாது. குழந்தை இருக்கையைச் சரியாகப் பொருத்த வழியில்லாத காரானால், பிள்ளைகளைத் துணைக்கு வரும் புதுக் காரில் ஏற்றிவிடுவதே புத்திசாலித்தனம்.

தண்ணீரும் கால் வலியும்

பல பழைய கார்களில் ஏ.ஸி. இராது. எஞ்சின் சூடு காலடியில் தகிக்கும். பெண்களில் பலர், "வழியிலே பாத்ரூம் தேடணுமே" என்று பயந்து தண்ணீரே குடிப்பதில்லை. நீர்க்கடுப்பும் மயக்கமும் வர இதுவும் ஒரு காரணம். தாகத்துக்குக் காத்திராமல் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். ஐஸ் பெட்டியில் உப்புப் போட்ட மோர் இருந்தால் இன்னும் விசேஷம். முதல் நாளுக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லி தாங்கும். தேங்காய்ச் சட்னியைத் தவிர்த்துவிடுங்கள்.

ஒரு மணி, இரண்டு மணிக்கு ஒரு தடவை இறங்கி ஐந்து நிமிஷம் நடங்கள். மணிக்கணக்காகக் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் ரத்தம் உறையக்கூடும். சமீபத்தில் பிரசவித்தவர்கள், கர்ப்பிணிகள், கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஆகியோருக்கு இந்த அபாயம் அதிகம். முன்கூட்டியே டாக்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது. ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் வந்தால் அலட்சியம் கூடாது.

வண்டி சூடேறி நின்றுபோனால், ரேடியேட்டர் மூடியை உடனே திறக்காதீர்கள். கொதிநீர் பீறிட்டு முகத்தை வேகவைத்துவிடும். ஆறட்டும். நிறுத்திய காருக்குள் குழந்தையைத் தனியே விடவும் கூடாது. வெயிலில் பத்தே நிமிஷத்தில் உள்ளே உஷ்ணம் சுமார் பத்து டிகிரி சென்டிகிரேடு ஏறிவிடும்.

வழிகாட்டிய ஒரு தாய்

"இதெல்லாம் ஆம்பளைங்க சமாசாரம்" என்று ஒதுங்க வேண்டாம். 1909-ல், 22 வயதான ஆலிஸ் ராம்ஸே என்ற பெண்மணி, சின்னக் குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு, மூன்று தோழியரோடு நியூயார்க்கிலிருந்து ஸான் பிரான்ஸிஸ்கோவுக்கு ‘மாக்ஸ்வெல்’ கார் ஓட்டிப் போனார். சுமார் 3,800 மைல், 59 நாள்! நால்வரில் அவருக்கு மட்டுமே கார் ஓட்டத் தெரியும். வழியில் 11 டயர்களை மாற்ற வேண்டியிருந்தது. ரேடியேட்டர் வற்றியபோது, பிரஷ் வைக்கும் கண்ணாடிக் குப்பிகளில் பள்ளத்துத் தண்ணீரை மொண்டு ஊற்றிச் சமாளித்தார்கள்.

அவ்வளவு சாகஸம் நமக்கு வேண்டாம். ஆனால் ஸ்டீயரிங்கைப் பிடிக்கவும், உஷ்ணமானியைப் பார்க்கவும், டயர் மாற்றவும் தெரிந்து வைத்திருங்கள். அவர் களைத்துக் கண் சொக்கினால், "தள்ளிக்குங்க, நான் ஓட்டறேன்" என்று சொல்ல முடியுமல்லவா?

இன்னொன்று: முழுப் பயணமும் போயே தீர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஒரு நாள் மட்டும் கலந்துகொண்டு திரும்புகிறவர்களும் உண்டு. முதல் தடவையில் ஒன்றிரண்டு நாளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உடம்பும் வண்டியும் ஒத்துழைத்தால் அடுத்த வருஷம் நீங்களும் ‘லாங் ஹாலர்’தான்!