ஜி9 கன்றும் டிஎன்ஏ சோதனையும்

கோவையில் துடியலூர் தாண்டி மேட்டுப்பாளையம் வரை வாழை போடுகிறவர்களுக்குப் பழைய தலைவலி ஒன்று உண்டு. ஜி9 ரகம் என்று வாங்கிய கன்று ஜி9தானா என்பது தார் தள்ளும் வரை தெரியாது. ‘டிஎன்ஏ டெஸ்ட் எடுத்துவிட்டால் போச்சு’ என்கிறார்கள் இப்போது. அவ்வளவு லேசில் போகாது. ஆய்வகம் வழக்கமாகப் பார்ப்பது வாழையின் முழு டிஎன்ஏவை அல்ல. ‘சிஏ சிஏ சிஏ’ என்று இரண்டெழுத்து திரும்பத் திரும்ப வரும் சில இடங்களை மட்டுமே. மைக்ரோசாட்டிலைட் என்று பெயர். டிஎன்ஏவைப் படியெடுக்கும் நொதி இங்கேதான் வழுக்கும். பூ மார்க்கெட்டில், மல்லியும் கனகாம்பரமும் மாறிமாறி வரும் சரத்தைப் பார்த்து இன்னொன்று தொடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் கண் எடுத்தால் எந்த ஜோடியில் விட்டோம் என்று பிடிபடாது. எங்கே பிடித்தாலும் பொருந்தும். ஒரு ஜோடி கூடிவிடும், அல்லது குறைந்துவிடும். அடுத்தவர் அந்தத் தப்பையும் அச்சுப்பிசகாமல் தொடுப்பார். சரத்தின் இரு முனையிலும் ரோஜா இருந்தால், ரோஜாவுக்கு ரோஜா நடுவில் உள்ளதை மட்டும் கோடிக்கணக்கில் பெருக்குவது பிசிஆர். பிறகு ஜெல்லில் மின்சாரம் பாய்ச்சினால் குட்டைத் துண்டு முந்தி ஓடும், நீளம் தெரிந்துவிடும். (பூக்காரர் முழம் போடுவதைவிட நேர்மையான அளவு.) நாம் பயிரிடும் வாழை பெரும்பாலும் மும்மடியம், அதாவது ஒவ்வொரு குரோமோசோமும் மும்மூன்று, என்பதால், ஓரிடத்தில் மூன்று நீளம் வரை கிடைக்கும். இருபது இடம் அளந்தால் நேந்திரனும் பூவனும் தனித்தனியே நின்றுவிடும்.

1984இல் இங்கிலாந்தின் லெஸ்டரில் மரபியலாளர் அலெக் ஜெஃப்ரீஸ், திரும்ப வரும் டிஎன்ஏ துண்டுகளால் ஆளை அடையாளம் காணலாம் என்று கண்டார். உத்தி பயிர்களுக்கும் வந்தது. ஸ்பெயினின் கோர்டோபாவில் உள்ள ஆலிவ் சேகரிப்பில், ஒரே ரகம் பல பெயர்களில் நின்றதை மைக்ரோசாட்டிலைட்டுகள் காட்டிக்கொடுத்தன. வரலாறு இது போதும்.

சிக்கல் ஜி9இல்தான். குட்டைக் கேவண்டிஷ், ரொபஸ்டா, ஜி9 எல்லாம் விதையில்லாமல் பக்கக்கன்று வழியாகவே வந்த ஒரே கேவண்டிஷ் குடும்பம். எப்போதோ ஒரு கன்றில் உயரம் மாறியது. அளக்கும் இடங்களில் நீளம் மாறவில்லை. ஆக, அங்கே போலியைப் பிடிக்க இந்தச் சோதனையால் பொதுவாக முடியாது. நொதி வழுக்குமென்றால் கன்றுக்குக் கன்று மாறாதா என்று கேட்கலாம். வழுக்குவது அபூர்வம், அதுவும் நாம் அளக்கும் இருபது இடங்களில் ஒன்றில் நடந்து, மரம் முழுக்கப் பரவுவது அதைவிட அபூர்வம். முழு மரபணுத் தொகுதியையே வாசித்தால்? வேறுபாடுகள் கிடைக்கும், அவற்றில் எது உயரத்தை மாற்றியது என்பது தனி ஆராய்ச்சி. திசு வளர்ப்புக் கன்றுகளுக்கு மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை 2006இல் கொண்டுவந்த சான்றிதழ் முறையிலும் மரபுத் தூய்மை பார்க்கப்படுகிறது. தாய்க்கும் கன்றுக்கும் சோதித்த டிஎன்ஏ இடங்களில் வித்தியாசமில்லை என்பதே அதன் பொருள். தாயே வேறு கேவண்டிஷ் என்றால் கன்றும் அதுவே. கன்று வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது முடிக்கொத்து வைரஸ் சோதனையின் முடிவை. அந்தக் கேள்விக்காவது ஆய்வகம் உண்டு, இல்லை என்று பதில் சொல்லும்.