நல்ல தண்ணிக் கொசு

நாகப்பட்டினத்தில் கொசு என்றாலே வாய்க்காலையும் சாக்கடையையும்தான் திட்டுவார்கள். காவிரியின் கடைமடை, ஐப்பசி, கார்த்திகையில் திரும்பிய பக்கமெல்லாம் தண்ணீர். ஆனால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி அந்தத் தண்ணீரை அவ்வளவாகச் சீந்துவதில்லை. அதற்குப் பிடித்தது வாசலில் நிற்கும் டிரம்.

வயலில் பிறக்கும் கொசு வேறு. அந்தக் கியூலெக்ஸ் வகை, பன்றியிடமிருந்தும் கொக்கு நாரையிடமிருந்தும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலைக் கொண்டுவரும். இந்தியாவில் அந்த நோய் முதலில் தெரியவந்தது 1955-இல், வேலூர்ப் பக்கம். அதற்குத் தடுப்பூசி போடுகிறார்கள்.

டிரம் ஏன் வந்தது? கடலோரத்தில் நிலத்தடி நீர் உப்பு. போர் தண்ணீரில் துணி அலசலாம், உலை வைக்க முடியாது. நல்ல தண்ணீர் கொள்ளிடத்திலிருந்து கூட்டுக் குடிநீர்க் குழாயில் வரவேண்டும். என்றைக்கு வருமென்று தெரியாத தெருவில் குடம், அண்டா, டிரம் எல்லாவற்றையும் நிரப்பித்தான் வைப்பார்கள். "கவுத்துக் காய வையுங்கக்கா" என்பார் டார்ச்சோடு வரும் கொசு ஒழிப்பு மஸ்தூர். "கவுத்துட்டு எதக் குடிக்கிறது தம்பி?" அவர் அபேட் மருந்தை ஊற்றிவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்வார்.

கவிழ்த்தாலும் தீராது. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, டிரம்மின் உட்சுவரில் கரித்தூள்போல ஒட்டியிருப்பவை முட்டைகள். மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் தண்ணீர் பட்டதும் பொரித்துவிடும். அங்கிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள். உட்புறத்தை நாரால் அழுத்தித் தேய்த்தால்தான் போகும். அக்கரைப்பேட்டையில் படகுகளின் பக்கவாட்டில் தொங்கும் பழைய டயர்களை யார் தேய்ப்பது?

2017-இல் தமிழகத்தில் 23,294 பேருக்கு டெங்கு, 65 பேர் மரணம் என்பது அரசுக் கணக்கு. காய்ச்சல் விட்டதுமே கடலுக்குக் கிளம்புகிறவர்கள் கவனிக்க வேண்டும்: மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் காய்ச்சல் இறங்கும்போதுதான் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியும் ஆபத்து. கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம் என்றால் உடனே ஆஸ்பத்திரி. ஆஸ்பிரின், புரூபன் வகையறா கூடவே கூடாது.

அந்த ஆண்டு ஊரூராக நிலவேம்புக் குடிநீர் கொடுத்தார்கள். கொசுப்புழு இருந்த இடங்களுக்கு அபராதமும் போட்டார்கள். டயரைக் குவித்துவைத்த கடைக்கு அபராதம், சரி. குழாய் வராததால் டிரம் வைத்த வீட்டுக்கும் அபராதம் என்றால் எந்த ஊர் நியாயம்? வாரத்துக்கு இரண்டு முறை, சொன்ன நாளில் தண்ணீர் விடட்டும். முதல் நாள் ராத்திரியே பெண்கள் டிரம்மைக் காலிசெய்து தேய்த்து வைத்துவிடுவார்கள். புழு கொசுவாகத் தேவையான அந்த ஒரு வாரம் கிடைக்காது.